அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது

ஷீட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

காற்றுக்கு முன்னால் ஒரு தடவையும் மழைக்கு முன்னால் ஒரு தடவையும் வீட்டுக் கூரை ஷீட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்த ஸ்க்ரூவுக்கு எந்த வாஷர், எந்தப் பசை எத்தனை மணி நேரத்தில் காயும் என்பதெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். டப்பாவில் இல்லாத சில விஷயங்கள் என் டைரிகளில் இருக்கின்றன. எந்த வீடு, என்ன கிழமை, காற்று எந்தப் பக்கம், எத்தனை ஸ்க்ரூ மாற்றினேன், வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று அன்றன்றைக்குச் சாயங்காலமே எழுதிவிடுவேன். நூலகத்தில் வரலாற்றுப் புத்தகங்களாக எடுத்துப் படித்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ராஜாக்கள் செய்ததையெல்லாம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஷீட்டில் ஏறியவனுக்கு அவனே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

செய்த தவறுகளுக்குப் பக்க ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அப்படிப் போட்டவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் அடுத்த வாரமே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்திருக்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி. நல்லூரில் ஒரு வீட்டில் "ஓட்டை இல்லீங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் அதோடு அந்த வீடு எனக்கு இல்லாமல் போனது. ஐந்து வருடமாக, வைகாசி பிறந்தாலும் புரட்டாசி பிறந்தாலும் எனக்கு ஒரே ஆசை: அந்த வீட்டுக்காரர் இன்னொரு தடவை என்னைக் கூப்பிட வேண்டும். அந்த நாளின் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டதோ இந்த வருடம் மாசியில்தான். ஏன் அவ்வளவு தாமதம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஷீட்டைப் பற்றியும் நடுநடுவே வரும்.

நம் பக்கத்து வருடத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் ஷீட்டுக்கு மழைதான் எதிரி. நமக்குக் காற்று முதலில் வரும். வைகாசிக் கடைசியில் மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வரும் மேல்காற்று ஆனி, ஆடி முழுக்க ஷீட்டைப் பிடித்து ஆட்டும். ஆட்டிய ஆட்டத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு நூல் தளர்ந்திருக்கும். அப்புறம் ஆவணி, புரட்டாசி வெயிலில் வாஷர் ரப்பர் காய்ந்து வெடிக்கும். எல்லாம் முடிந்த பிறகு ஐப்பசி மழை வந்து, காற்று எங்கெங்கே கை வைத்தது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் நான் ஷீட்டுக்கு இரண்டு நாள் வைத்திருந்தேன். வைகாசிக் கடைசி ஞாயிறு, புரட்டாசிக் கடைசி ஞாயிறு. மற்றக் கிழமைகளில் வீட்டில் ஆள் இருக்காது. எல்லாரும் கம்பெனியில் இருப்பார்கள்.

அந்த வீடு நல்லூரில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில் இருந்தது. மேற்கே பார்த்த வாசல். கூரைக்கு ஒரே சரிவு. வடக்குச் சுவர் உயரம், தெற்குச் சுவர் தாழ்வு. கிழக்கே புறக்கதவைத் திறந்தால் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து, அதற்கப்புறம் ஒரு நிட்டிங் யூனிட்டின் சுவர். அந்தச் சுவரிலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வருடம் முழுக்கப் பஞ்சுத் தூசியைக் கக்கி, ஷீட்டின் மேல் மெல்லிய போர்வை மாதிரி விரித்து வைத்திருக்கும்.

அங்கே ஒருவர் தனியாக இருந்தார். கல்யாணமான மூன்றாம் வருடமே கணவர் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை எங்கே, கறை எங்கே, தையல் விட்ட இடம் எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவர் செக்கிங்கக்கா. பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரைக் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலையில் புத்தி சொன்னவர்களில் ஷீட்டில் ஒரு நாளும் ஏறாதவர் அவர் ஒருவர்தான்.

முதல் தடவை போனது ஒரு ஐப்பசி. எனக்கு நாற்பத்தேழு வயது. இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது என் கல்யாணத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லை. நானும் பேசவில்லை. அவருக்கு என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். ஷீட்டின் அடிப்பக்கம் ஏழு சிவப்பு அம்புகள். ஒட்டடைக் குச்சி நுனியில் வைத்து ஒட்டியிருந்தார்.

"எல்லாம் குறிச்சு வெச்சிருக்கறனுங்க. நீங்க தேட வேண்டியதில்லீங்க" என்றார்.

இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைத்தாரே என்று எனக்குச் சந்தோஷம். மேலே ஏறி, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் நேர் மேலே பசை பூசி அடைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் காலையில் போன்.

"ஷீட்டுக்காரருங்களா? ஏழும் ஒழுகுதுங்க. ஒண்ணுகூட மிச்சமில்லீங்க."

போனேன். அவர் வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கச் சொல்வது போலக் கேட்டார்.

"ஏனுங்க, அம்பு எதுக்குங்க ஒட்டறோம்?"

"எடத்தைக் காட்டறதுக்குங்க."

"எடத்தைக் காட்டப் பொட்டு போதுமுங்களே. எங்கிட்ட ஒரு அட்டை பொட்டு இருக்குது. அம்பு எதுக்குங்க?"

நான் உள்ளே போய் மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.

"முனை எங்க பாக்குதுன்னு பாருங்க. ஒட்டுனது சொட்டற எடமுங்க. முனை பாக்கறது வர்ற எடமுங்க. மழையில கட்டல்ல படுத்துட்டு, சொட்டு எங்கிருந்து ஓடி வருதுன்னு பாத்துப் பாத்து ஒட்டுனனுங்க. நீங்க என்னடான்னா சொட்டற எடத்துக்குச் சந்தனம் பூசியுட்டுப் போயிட்டீங்க."

ஏழு முனையும் வடக்கே, மேட்டுப் பக்கம் பார்த்தன. மேலே ஏறி அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டே போனேன். மேல் ஷீட்டின் கால் கீழ் ஷீட்டின் தலையில் ஏறி உட்காரும் ஜாயிண்ட் ஒன்று இருந்தது. அந்த இடுக்கு முழுக்கப் பக்கத்து யூனிட்டின் பஞ்சு அடைந்திருந்தது. விளக்குத் திரி எண்ணெயைக் குடிக்கிற மாதிரி அது மழையைக் குடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. வந்தது ஒரே இடம், சொட்டியது ஏழு இடம். கம்பியை வளைத்து இழுத்தேன். கறுத்துப்போய், துணி மாதிரியே வந்தது. கீழே கொண்டுவந்து காட்டினேன். அவர் இரண்டு விரலால் விரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"முழுசா ரிஜெக்ட்டுங்க" என்றார்.

டைரியில் அன்றைக்குப் பெருக்கல் குறி இருக்கிறது. நிட்டிங் யூனிட் பக்கத்து வீடுகளில் பசை டப்பாவைத் தொடுவதற்கு முன் ஜாயிண்டில் கம்பி விட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் விரலை நீட்டிக் காட்டினால் விரல் நுனியைப் பார்க்காதீர்கள், எதை நீட்டிக் காட்டுகிறார் என்று பாருங்கள். இது எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம். வைகாசிக்கு ஒன்று, புரட்டாசிக்கு ஒன்று. போனால் ஏணியை வைக்கும்போதே வாசல் கதவு, புறக்கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்துவிடுவார். தெருவில் நான்கு கண்கள் பார்க்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் மேலே பஞ்சைக் கூட்டித் தள்ளுவேன். அவர் கீழேயிருந்து பேசுவார். ஷீட் நடுவில் இருந்ததால் இரண்டு பேருக்கும் பேச்சு சுலபமாக வந்தது என்று நினைக்கிறேன். கம்பெனியில் எந்த லாட் திரும்பி வந்தது, புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு எந்த நிறமும் ஒரே நிறமாகத் தெரிவது, என்னைப் போல எத்தனை பேர் அம்பைப் பார்க்காமல் ஸ்டிக்கரைப் பார்க்கிறார்கள் என்பது.

"ஷீட்டை எறக்கிட்டுக் காங்கிரீட் தார்சு போட்டுக்கலாமுங்களே" என்று ஒரு தடவை மேலேயிருந்து கேட்டேன்.

"எதுக்குங்க? நாள் பூரா மெஷின் சத்தமுங்க. ஊட்டுக்கு வந்தா அந்த அக்கா இந்த அக்கான்னு பேச்சுங்க. மழை பேஞ்சா ஷீட்டுல அந்தச் சத்தத்துல யாரு பேசறதும் கேக்காதுங்க. அந்நேரம் எனக்கு எனக்குன்னு இருக்குமுங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தார்சு போட்டா நீங்க எதுக்குங்க வரப்போறீங்க?" என்றார். ஸ்க்ரூ எண்ணிக்கொண்டிருந்தேன். டைரியில் எத்தனை ஸ்க்ரூ என்பது இருக்கிறது. அவர் கேட்டதும் இருக்கிறது. அடுத்தடுத்த வரியில்.

இறங்கியதும் கருப்பட்டிக் காப்பி. வாசலுக்கு நேரே உள்ளே போட்ட ஒரு ஸ்டூல் எனக்கு. அவர் அடுப்படி நிலையில் சாய்ந்து நிற்பார். குடித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அது அரை மணி நேரம் ஆகிற வருடங்களும் உண்டு.

இனி, காற்று நாள். நான் போகத் தொடங்கி ஏழாவது வருடம், ஆடி பதினெட்டு. கம்பெனிக்கு லீவு. தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது, நோம்பிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் பொங்கலூரில் ஒரு தோட்டத்து வீட்டில் வேலையாக இருந்தேன். மூன்றரை மணிக்குப் போன்.

"ஷீட்டுக்காரரே, வாசப்பக்கம் ஷீட்டு கையாட்டுதுங்க."

"யாரைக் கூப்புடுதுங்க?"

"உங்களைத்தானுங்க. வெரசா வாங்க."

போய்ச் சேரும்போது மேற்கு ஓரத்து ஷீட் நான்கு விரல் எழும்புவதும் படாரென்று படிவதுமாக இருந்தது. அந்த வைகாசியில் அந்த ஓரத்தை முறுக்கியவன் நான். துளை தேய்ந்து அகன்றிருந்ததில் பழைய ஸ்க்ரூவையே விட்டு, மெஷின் சுற்றியதும் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சுற்றுவது வேறு, பிடிப்பது வேறு. இதற்கும் பெருக்கல் குறி உண்டு. ஓரத்து ஷீட் ஒன்று போனால் அடுத்ததன் அடியில் காற்று புகும். அப்புறம் கூரை இருக்காது. பறக்கிற ஷீட் தெருவில் எங்கே போய் விழும் என்பதும் யார் கையிலும் இல்லை.

ஏணியை எடுத்துச் சாத்தினேன். அவர் வந்து ஏணியின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏற வேண்டாமுங்க."

"அஞ்சு ஸ்க்ரூங்க. அஞ்சு நிமிசம்."

"ஷீட்டு போனா வேற ஷீட்டு போட்டுக்கலாமுங்க."

எழுந்திருக்கவில்லை.

நின்று யோசிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கண்ணில் பட்டது: வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. நான் வருகிறேன் என்று வழக்கம்போலத் திறந்து வைத்திருந்தார். அதன் வழியாக மேல்காற்று உள்ளே நுழைந்து, அடியிலிருந்தும் ஷீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. வாசல் கதவைச் சாத்தி, கிழக்கே புறக்கதவைத் திறக்கச் சொன்னேன். ஷீட்டின் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இதை நினைவில் வையுங்கள். காற்று வருகிற பக்கம் மூட வேண்டும், போகிற பக்கம் திறக்க வேண்டும்.

மீதிப் பாதிக்கு என்ன செய்வது? என் கயிற்றில் கல்லைக் கட்டிக் கூரைக்கு மேலே கிழக்கே வீசினேன். சந்துப் பக்கம் போய் இறங்கியது. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால் ஷீட் படியும். ஆனால் நீளம் பற்றவில்லை. இரண்டு முனையும் தலைக்கு மேலே கை எட்டும் உயரத்தோடு நின்றன. எதிலும் கட்ட எட்டாது. பிடிக்கத்தான் எட்டும்.

"சந்துல போயிப் புடிங்க" என்றேன்.

நாலே காலிலிருந்து ஐந்தரை வரை அப்படியே நின்றோம். நான் தெருவில், அவர் சந்தில். நடுவில் வீடு. பார்க்க முடியாது. காற்றுச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது. கயிறு இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் அவர் இருக்கிறார் என்று அர்த்தம். ஒரு தடவை கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. பயந்து இரண்டு தடவை சுண்டி இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுண்டு வந்தது. அதற்கப்புறம் தளராவிட்டாலும் நடுநடுவே இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

காற்று இறங்கியதும் ஏறி, பழைய துளைகளை விட்டுவிட்டுப் புதிதாகத் துளை போட்டுப் பத்து ஸ்க்ரூ இறக்கினேன். கீழே வந்தபோது அவர் இரண்டு உள்ளங்கையையும் குடத்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்திருந்தது.

"ரெண்டு ரெண்டு தடவை இழுத்தீங்களே, அது என்னங்க?"

"சும்மாங்க. இருக்கீங்களான்னு."

"நா எங்கீங்க போகப்போறேன்" என்றார்.

தம்பிகளே, வேலையின் பாடம் என்று கேட்டால், காற்றில் ஷீட்டில் ஏறாதீர்கள் என்பதுதான். அவர் அன்றைக்கு ஏணியில் உட்காராமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் என் முப்பத்தொரு வருட வேலையில் எதைத் திரும்பச் செய்ய ஆசை என்று யாராவது கேட்டால், அந்த ஒன்றேகால் மணி நேரத்தைத்தான் சொல்வேன். கயிறு நீளம் பற்றாமல் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஷீட்டுக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பதினோராவது வருடம் புரட்டாசி. கடைசி ஞாயிறு வருவதற்கு முன்பே அவரிடமிருந்து போன்.

"ஒழுகுதுங்க."

போனேன். அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தேன். புதிதாக ஒன்பது அம்புகள். எண்ணிக்கொண்டு மேலே ஏறினேன். ஒரு ஸ்க்ரூ விடாமல் பார்த்தேன். வாஷரெல்லாம் போன வருடம்தான் மாற்றியது. ஜாயிண்டில் கம்பி விட்டேன், பஞ்சு இல்லை. பக்கத்து யூனிட்டில் ஓஸ் பைப் வாங்கிக் கூரை முழுக்கத் தண்ணீர் அடித்தேன். கீழே ஒரு சொட்டு இல்லை.

நம் தொழிலில் இல்லாத ஓட்டையைக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படி இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தக் கர்வத்தோடே சொன்னேன்.

"ஒண்ணும் ஒழுகலீங்க. ஷீட்டு சுத்தமா இருக்குது. இன்னும் ரெண்டு வருசத்துக்கு நா வரத் தேவையே இல்லீங்க."

காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"ஒண்ணு விடாமப் பாத்தனுங்க."

"அம்பைப் பாத்தீங்களா?"

"ஒம்பதும் பாத்தனுங்க. அதுக்கு மேல எங்கயும் ஓட்டையே இல்லீங்க."

"சரிங்க. அப்ப நல்லதுதானுங்க" என்று டம்ளரைக் கொடுத்தார். அந்தக் காப்பி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. டைரியில், "நல்லூர் ஷீட் ஊடு. ஓட்டை இல்லை" என்று எழுதினேன்.

அடுத்த வைகாசியில் போன் வரவில்லை. நான்தானே வேண்டாம் என்றேன். வைகாசிக் கடைசி ஞாயிறு அந்த வழியாகப் போகிற மாதிரிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. முக்குக் கடையில் விசாரித்தேன். "அக்கா வேலைய உட்டுட்டுத் தம்பி ஊட்டோட மூலனூருக்குப் போயிட்டாங்க. ஊட்டை நிட்டிங்காரரு வாங்கிட்டாருங்க" என்றார் கடைக்காரர்.

அவருடைய நம்பர் என்னிடம் இருந்தது. ஐந்து வருடமும் இருந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது? பதினோரு வருடத்தில் வேலை இல்லாமல் ஒரு தடவைகூட நான் அவரைக் கூப்பிட்டதில்லை, அவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேசத் தெரிந்தது அந்த ஷீட் ஒன்றுதான். அது இப்போது வேறொருவருடையது. அதற்குள் எனக்கு முழங்கால் போய், ஏணியை ஓரமாகச் சாத்தியாயிற்று. ஐப்பசி மழை ஷீட்டில் விழுகிற சத்தம் எந்த வீட்டிலிருந்து கேட்டாலும், அந்த வாசலுக்கு நேரே போட்ட ஸ்டூல்தான் நினைவுக்கு வரும். ஆடி பதினெட்டில் கை தானாக எதையாவது பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்க்கும். கதவுத் திரைச்சீலை, துணி காய்கிற கொடி. பதில் வராது என்று தெரிந்துதான் இழுப்பேன்.

இந்த மாசியில் நிட்டிங் யூனிட்காரர் போன் செய்தார். "மீட்டர் போர்டுல ஷீட்டுக்காரர்னு போட்டு உங்க நம்பர் எழுதியிருக்குதுங்க. ஷீட்டெல்லாம் எறக்கிட்டுத் தார்சு போடலாம்னு இருக்கறனுங்க. வந்து பாக்கறீங்களா?" ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்ல வேண்டியவன், "இப்பவே வாறனுங்க" என்றேன்.

உள்ளே நூல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். முழங்கால் போனதால் மேலே ஏறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூரையைக் கீழேயிருந்தே முழுதாகப் பார்த்தேன்.

ஸ்டிக்கர்கள் அப்படியே இருந்தன. வெளுத்து, சிவப்பு ரோஸாகியிருந்தது. பழையவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீர் ஓடிக் காய்ந்த துருக்கோடு இருந்தது, காப்பிக் கறை மாதிரி. முனைகளெல்லாம் வடக்கே, மேட்டுப் பக்கம். கடைசி வருடத்து ஒன்பதின் பக்கத்தில் ஒரு கோடுகூட இல்லை. ஷீட் பளபளவென்று இருந்தது. அங்கே தண்ணீர் வந்ததே இல்லை. வராத இடத்தில் ஒட்டியிருக்கிறார்.

முனையைப் பார்த்தேன். ஒன்பதும் மேற்கே பார்த்தன. சரிவு வடக்கிலிருந்து தெற்கு. தண்ணீர் சரிவுக்குக் குறுக்கே ஓடாது. இது ஷீட் வேலையில் முதல் நாள் தெரிந்துகொள்கிற விஷயம். அன்றைக்கு நான் எண்ணிக்கையைப் பார்த்தேன், ஷீட்டைப் பார்த்தேன், ஸ்க்ரூவைப் பார்த்தேன். முனையைப் பார்க்கவில்லை.

முதல் அம்பு, என் ஸ்டூல் கிடந்த இடத்துக்கு நேர் மேலே இருந்தது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டியது. ஒன்பதாவது வாசல் நிலைக்கு மேலே இருந்தது. அதன் முனை வெளியே, ஏணியைச் சாத்திவிட்டு நான் செருப்பைக் கழற்றுகிற இடத்தைப் பார்த்தது.

ஒட்டுவது சொட்டுகிற இடம். முனை பார்ப்பது வருகிற இடம்.

கழற்றுகிற வேலைக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டு, அந்த ஒன்பதாவதை மட்டும் ஒரு குச்சியால் நெம்பி உரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதை அந்தப் பழைய டைரியில், 'ஓட்டை இல்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒட்டி, கீழே பெருக்கல் குறி போட்டேன்.

ஒரு மாதம் போய்விட்டது. காற்றில் ஏணி வைக்கத் துணிந்தவனுக்குப் போனை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. இன்று பங்குனி இரண்டாம் சனிக்கிழமை. காலையில் உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்து, பெருக்கல் குறிகளைப் புரட்டிக்கொண்டே வந்தவன், அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் அடுத்த வாரமே போய்ச் சரிசெய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு இதை மட்டும் விட்டுவைப்பது சரியில்லை என்று பட்டது. கூப்பிட்டேன்.

"அலோ."

"நானுங்க. ஷீட்டு..."

"தெரியுதுங்க" என்றார்.

பின்னால் மயில் அகவியது. அது அகவி முடிந்ததும் கேட்டேன்.

"அங்க ஊடு தார்சுங்களா, ஷீட்டுங்களா?"

"முன்னால தார்சுங்க. பின்னால நா இருக்கற ரூமு ஷீட்டுங்க."

"ஒழுகுதுங்களா?"

மார்கழியில் ஒரு தூறல் போட்டதோடு சரி, அப்புறம் மழையே இல்லை. மூலனூர்ப் பக்கமும் அப்படித்தான் என்று என் டைரியில் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வானம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒழுகுதுங்க" என்றார்.

"எத்தனை எடமுங்க?"

"வந்து எண்ணிப் பாருங்க. இந்தத் தடவையாச்சும் நல்லாப் பாருங்க."

தம்பிகளே, வாஷர், பஞ்சு, காற்று என்று மற்றதையெல்லாம் இன்னொரு நாள் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு மட்டும் சந்தேகம் கேட்டு யாரும் போன் செய்யாதீர்கள். இன்றைய டைரியை எழுதி முடித்துவிட்டேன்: "பங்குனி, இரண்டாம் சனி. காற்று இல்லை. மழை இல்லை. மூலனூரில் ஷீட் ஒழுகுகிறது. நாளை ஞாயிறு, முதல் பஸ்."